பவளம் இன்று எவ்வளவு சாப்பிட்டது?

என் கெட்டிக்காரக் கண்ணே, வா, பக்கத்தில் உட்கார். ஒரு பென்சிலும் ஒரு துண்டுக் காகிதமும் எடுத்துக்கொள். இன்றைக்கு நாம் ஒரு கண்ணாடித் தொட்டிக்குக் கணக்குப் போடப் போகிறோம்.

இது சாதாரண மீன் தொட்டி இல்லை. உள்ளே இருப்பது உப்புத் தண்ணீர். அதில் பவளம் வளர்கிறது. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பலர் வீட்டுக் கூடத்திலேயே இப்படிப் பவளத் தொட்டி வைத்திருக்கிறார்கள். தினமும் இரண்டு பாட்டில்களை எடுப்பார்கள். ஒரு பாட்டிலில் இருந்து தெளிந்த நீரைச் சிரிஞ்சால் அளந்து தொட்டிக்குள் விடுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து, மற்ற பாட்டிலில் இருந்து விடுவார்கள்.

“அது என்ன நீர்? எதற்கு விடுகிறார்கள்? எத்தனை மில்லி விடணும்?” என்று கேட்கத் தோன்றுகிறதா? சபாஷ்! மூன்று கேள்வியும் நல்ல கேள்வி. அதிலும் மூன்றாவது கேள்வி இருக்கிறதே, பெரியவர்களே அதில்தான் தடுமாறுகிறார்கள். பாட்டிலின் மேல் அச்சடித்த அளவை அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். பாட்டிலுக்கு உன் தொட்டியைப் பற்றி என்ன தெரியும்? அளவைச் சொல்ல வேண்டியது பவளம்தான். அது எப்படிச் சொல்கிறது என்று பார்ப்போம்.

முதலில் பவளம் யார் என்று தெரிந்துகொள்.

பவளம் கல் இல்லை, செடியும் இல்லை. அது ஒரு விலங்கு. கடலில் மிதக்கும் ஜெல்லி மீனுக்கு உறவுக்காரர். மெத்தென்ற சின்ன உடம்பு, நடுவில் ஒரு வாய், சுற்றிலும் குட்டிக் குட்டிக் கைகள். இந்த உயிரிக்குப் பாலிப் என்று பெயர். ஆயிரக்கணக்கான பாலிப்புகள் ஒட்டி ஒட்டி வாழும். ஒவ்வொன்றும் தனக்குக் கீழே கொஞ்சம் கொஞ்சமாகக் கல் கட்டிக்கொண்டே போகும். அந்தக் கல்தான் நாம் படத்தில் பார்க்கும் கிளை கிளையான வெள்ளை எலும்பு.

அந்தக் கல் எதனால் ஆனது தெரியுமா? கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் கிளிஞ்சலும் முட்டை ஓடும் எதனால் ஆனவையோ, அதே பொருள்தான்.

இதைக் கட்டப் பவளத்துக்கு இரண்டு சரக்கு வேண்டும். ஒன்று கால்சியம். மற்றொன்று பைகார்பனேட். இரண்டுமே கடல் தண்ணீரில் கரைந்திருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. பவளம் இரண்டையும் தண்ணீரில் இருந்து எடுத்து, ஒன்றாகச் சேர்த்துக் கல்லாக்கிவிடும். மீதியாகக் கொஞ்சம் கரியமில வாயுவும் தண்ணீரும் வெளியேறும்.

இதுவரை புரிந்ததா? கால்சியமும் பைகார்பனேட்டும் சேர்ந்தால் கல். நல்லது, மேலே போவோம்.

கடலில் எவ்வளவு கால்சியம் இருக்கிறது? ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 420 மில்லிகிராம். மெக்னீசியம் சுமார் 1,300 மில்லிகிராம். எந்தப் பெருங்கடலில் மொண்டாலும் ஏறக்குறைய இதே விகிதம்தான். இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1872 முதல் 1876 வரை சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல் உலகக் கடல்களை எல்லாம் சுற்றி வந்தது. போகிற இடமெல்லாம் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து வைத்தார்கள். வில்லியம் டிட்மார் என்ற வேதியியலாளர் அவற்றில் 77 மாதிரிகளைப் பொறுமையாகச் சோதித்தார். 1884ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார். உப்பு கூடலாம், குறையலாம். ஆனால் உப்புக்குள் இருக்கும் பொருள்களின் விகிதம் எங்கும் ஒன்றுதான் என்று அவர் கணக்கு காட்டியது. கால்சியம் மட்டும் ஆழ்கடலில் துளி அதிகம். மேலே உயிர்கள் ஓடு கட்ட எடுத்துக்கொள்கின்றன. அவை இறந்ததும் ஓடுகள் ஆழத்தில் மூழ்கிக் கரைகின்றன. அதனால்தான் அந்த வித்தியாசம். பார்த்தாயா, கடலே தன் கால்சியத்துக்குக் கணக்கு வைத்திருக்கிறது!

கடல் பெரியது. பவளம் எவ்வளவு எடுத்தாலும் சட்டென்று குறையாது. தொட்டி அப்படி இல்லை. அதில் இருப்பது கொஞ்சம் தண்ணீர். எடுக்க எடுக்கக் குறையும். குறைந்ததை நாம்தான் திரும்பப் போட வேண்டும்.

வீட்டில் மாம்பழக் கூடை இருக்கிறது என்று வைத்துக்கொள். காலையில் எண்ணினாய், 20 பழம். சாயங்காலம் எண்ணினாய், 17 பழம். யார் தின்றார்கள் என்று நீ பார்க்கவில்லை. ஆனாலும் மூன்று பழம் போயிருக்கிறது என்று உனக்குத் தெரியும். கூடை மறுபடி 20 ஆக வேண்டுமானால் மூன்று பழம் வை. நான்கு வைத்தால் கூடை நிரம்பி வழியும். தினமும் இரண்டே வைத்தால் மெல்ல மெல்லக் காலியாகும். பவளத் தொட்டிக் கணக்கும் இவ்வளவுதான்.

பழத்தை எண்ணலாம். தண்ணீரில் கரைந்ததை எப்படி எண்ணுவது?

அதற்கு ஓர் அழகான வழி இருக்கிறது. ஆப்ப சோடாவில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் நுரைத்துப் பொங்குமே, பார்த்திருக்கிறாயா? ஆப்ப சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அது அமிலத்தோடு சேர்ந்து தீர்ந்துபோகிறது. தொட்டித் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட்டும் அப்படியே. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் பைகார்பனேட் முழுவதும் தீர்ந்துவிடும். எத்தனை சொட்டு தாங்கியது என்று எண்ணினால், எவ்வளவு பைகார்பனேட் இருந்தது என்று தெரிந்துவிடும். தண்ணீரின் இந்தத் தாங்கும் திறனுக்குக் காரத்தன்மை என்று பெயர்.

தீர்ந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? அதற்காக ஒரு நிறங்காட்டி சேர்ப்பார்கள். தண்ணீர் நீலமாக இருக்கும். கடைசிச் சொட்டு விழுந்ததும் மஞ்சளாகிவிடும். கடையில் கிடைக்கும் சோதனைப் பெட்டியில் இவ்வளவும் இருக்கும். பல பெட்டிகளில் 5 மில்லி தண்ணீர் எடுத்துச் சோதித்தால் ஒரு சொட்டுக்கு ஒரு டிகிரி என்று கணக்கு.

டிகிரி என்றதும் வெயில் அளவு என்று நினைத்துவிடாதே. இது ஜெர்மானியர்கள் வைத்த அளவு. ஒரு டிகிரி என்றால், லிட்டருக்கு 17.9 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தன்மை. இந்த 17.9 என்ற எண்ணைக் காகிதத்தின் மூலையில் எழுதி வட்டம் போட்டு வை. கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

கடல் தண்ணீரில் காரத்தன்மை ஏறக்குறைய ஆறரை டிகிரி. பவளத் தொட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் 7க்கும் 9க்கும் இடையில் வைத்துக்கொள்கிறார்கள்.

இங்கே ஒரு சின்னத் தந்திரம் சொல்லித் தருகிறேன். 5 மில்லிக்குப் பதில் 10 மில்லி தண்ணீர் எடு. இப்போது ஒரு சொட்டுக்கு எத்தனை டிகிரி? யோசி.

அரை டிகிரி! தண்ணீர் இரண்டு மடங்கு ஆனதால், அதே டிகிரிக்கு இரண்டு மடங்கு சொட்டு வேண்டும். கூடச் சில சொட்டுச் செலவில் சோதனை இரண்டு மடங்கு துல்லியமாகிவிட்டது. சரியாகச் சொன்னாய் என்றால் உன் முதுகில் நீயே தட்டிக்கொள்.

இனி நம் தொட்டிக்கு வருவோம். கணக்குக்காக ஒரு தொட்டியை மனதில் வரைந்துகொள். உள்பக்கம் நீளம் 100 சென்டிமீட்டர், அகலம் 50. தண்ணீர் நிற்கும் உயரம் 40. மூன்றையும் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும். 200 லிட்டர்.

ஆனால் உள்ளே பாறை இருக்கிறது, மணல் இருக்கிறது. அவை பிடித்துக்கொண்ட இடத்தில் தண்ணீர் இல்லை. அதனால் 200 என்பது தவறான எண். சரியான எண்ணைக் கண்டுபிடிக்கச் சூத்திரமே வேண்டாம். பாறையும் மணலும் வைத்த பிறகு, முதல் முறை தண்ணீர் நிரப்பும்போது 10 லிட்டர் வாளியால் எண்ணிக்கொண்டே ஊற்றினால் போதும். நம் தொட்டிக்கு 18 வாளி பிடித்தது என்று வைத்துக்கொள்வோம். 180 லிட்டர். இதை எழுதிக்கொள். எல்லாக் கணக்கும் இந்த எண்ணின் மேல்தான் நிற்கப் போகிறது.

இப்போது சோதனை. முதல் நாள் காலை 8 மணிக்கு 10 மில்லி தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டோம். 17 சொட்டு. அதாவது 8.5 டிகிரி. பிறகு மூன்று நாள் எதுவுமே சேர்க்கவில்லை. நான்காம் நாள் காலை அதே 8 மணிக்கு மறுபடி சோதித்தோம். 14 சொட்டு. அதாவது 7 டிகிரி.

மூன்று நாளில் ஒன்றரை டிகிரி குறைந்திருக்கிறது. ஒரு நாளைக்கு? அரை டிகிரி.

ஏன் அதே 8 மணிக்கு என்று கேள். பவளத்தின் உடம்புக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை உணவு சமைத்துப் பவளத்துக்கும் கொடுக்கும். அதனால் வெளிச்சம் இருக்கும்போது பவளம் வேகமாகக் கல் கட்டும், இருட்டில் மெதுவாகக் கட்டும். ஒரு நாள் காலையிலும் இன்னொரு நாள் இரவிலும் சோதித்தால், கணக்கு நம்மை ஏமாற்றிவிடும்.

ஏன் ஒரே நாளில் பார்க்காமல் மூன்று நாள் காத்திருந்தோம்? ஒரே நாளில் ஒரு சொட்டு வித்தியாசம்தான் வரும். நிறம் மாறுவதைக் கவனிப்பதில் ஒரு சொட்டு பிசகுவது சகஜம். அப்புறம் குறைந்தது பவளத்தாலா, நம் கண்ணாலா என்றே தெரியாது. மூன்று நாள் பொறுத்தால் அந்தப் பிசகு மூன்றாகப் பங்கு பிரிந்து சிறிதாகிவிடும்.

இன்னொன்றும் கேட்கலாம். கல் கட்டக் கால்சியமும்தானே வேண்டும், ஏன் கால்சியத்தை அளக்காமல் காரத்தன்மையை அளந்தோம்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். நிதானமாக வா.

அரை டிகிரி குறைந்தது. மூலையில் வட்டம் போட்ட எண்ணை எடு. 17.9இல் பாதி, கிட்டத்தட்ட 8.9. ஒவ்வொரு லிட்டரில் இருந்தும் தினமும் 8.9 மில்லிகிராம் கல் கட்டப்பட்டிருக்கிறது. அந்தக் கல்லில் கால்சியம் எவ்வளவு? அணுக்களின் எடையைக் கூட்டிப் பார். கால்சியம் 40. கார்பன் 12. ஆக்சிஜன் ஒன்று 16, மூன்று இருப்பதால் 48. மொத்தம் 100. எவ்வளவு அழகான எண்! 100இல் 40 கால்சியம். அப்படியானால் 8.9 மில்லிகிராம் கல்லில் சுமார் 3.6 மில்லிகிராம் கால்சியம்.

தண்ணீரில் ஏற்கனவே 420 மில்லிகிராம் இருக்கிறது. அதில் 3.6 குறைந்தால் 416.4. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வீட்டுச் சோதனைப் பெட்டிக்கு அது தெரியவே தெரியாது. காரத்தன்மையோ 8.5இல் இருந்து 8 ஆகிறது. நூற்றில் ஆறு பங்கு. அது நன்றாகத் தெரியும்.

இன்னொரு விதமாகப் பார். நாம் எதுவுமே போடாமல், பவளமும் இதே வேகத்தில் தின்றுகொண்டே இருந்தால், 420 மில்லிகிராம் கால்சியம் தீர நூறு நாளுக்கு மேல் ஆகும். காரத்தன்மை 17 நாளில் தீர்ந்துவிடும். உண்மையில் அதற்கு வெகு முன்பே பவளம் வளர்வதை நிறுத்தி வாடிவிடும். முதலில் தீர்வது எதுவோ, அதைத்தானே கண்ணும் கருத்துமாகக் கவனிக்க வேண்டும்?

கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள். தண்ணீர் குடி. இதுவரை நம் கையில் இரண்டே எண்கள்தான். தொட்டி 180 லிட்டர். ஒரு நாள் செலவு அரை டிகிரி. இரண்டும் நினைவில் இருக்கிறதா?

இனி அளவு கண்டுபிடிப்போம்.

லிட்டருக்கு 8.9 மில்லிகிராம் கல். 180 லிட்டருக்கு? பெருக்கிப் பார். சுமார் 1,600 மில்லிகிராம். அதாவது 1.6 கிராம். ஒரு நாளில் தொட்டிக்குள் 1.6 கிராம் கல் வளர்ந்திருக்கிறது! தராசில் வைக்கவில்லை, பவளத்தைத் தொடவே இல்லை. தண்ணீரைச் சோதித்தே கல்லை எடை போட்டுவிட்டோம். பவளம் மட்டும் கட்டியதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாறை மேல் ஊதா நிறத்தில் படரும் சுண்ணாம்புப் பாசியும் தொட்டியில் இருக்கும் சங்குகளும் இதில் பங்கு எடுத்திருக்கும்.

இந்த 1.6 கிராம் கல்லுக்கு எவ்வளவு ஆப்ப சோடா வேண்டும்? மறுபடி அணுக்களைக் கூட்டுவோம். சோடியம் 23, ஹைட்ரஜன் 1, கார்பன் 12, ஆக்சிஜன் 48. மொத்தம் 84. ஒரு பங்கு கல் கட்ட இரண்டு பங்கு பைகார்பனேட் செலவாகும். 84ஐ இரண்டால் பெருக்கினால் 168. ஆகவே 100 கிராம் கல்லுக்கு 168 கிராம் சோடா. 1.6 கிராம் கல்லுக்கு 1.6 பெருக்கல் 1.68. விடை 2.7 கிராம்.

அடுத்தது கால்சியம். இதற்குக் கால்சியம் குளோரைடு என்ற உப்பைச் சேர்ப்பார்கள். கால்சியம் 40, குளோரின் 35.5 வீதம் இரண்டு, மொத்தம் 111. நில், அவசரப்படாதே! இங்கே ஒரு குறும்புக்காரர் ஒளிந்திருக்கிறார். கடையில் பரவலாகக் கிடைக்கும் கால்சியம் குளோரைடு படிகத்துக்குள் தண்ணீர் இருக்கிறது. தொட்டால் ஈரமே தெரியாது. ஆனால் ஒவ்வொரு மூலக்கூறும் இரண்டு தண்ணீர் மூலக்கூறுகளைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றின் எடை 36. கூட்டினால் 147. அதனால் 100 கிராம் கல்லுக்கு 147 கிராம் இந்தப் படிகம் வேண்டும். 1.6 கிராம் கல்லுக்கு 2.35 கிராம்.

தண்ணீர் இல்லாத வகையும் விற்கிறார்கள். அதை வாங்கிவிட்டு 147 கணக்கில் போட்டால் என்ன ஆகும்? தேவையைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விழுந்துவிடும். அதனால் பாட்டிலில் படிக்க வேண்டியது ஊற்றும் அளவை அல்ல, உள்ளே இருக்கும் பொருளின் முழுப் பெயரை. டைஹைட்ரேட் என்று போட்டிருந்தால் 147. அன்ஹைட்ரஸ் என்று போட்டிருந்தால் 111.

தினமும் 2.7 கிராமும் 2.35 கிராமும் நிறுப்பது லேசான வேலையா? சமையலறைத் தராசுக்கு அது முடியாது. அதனால் 20 நாளுக்குச் சேர்த்துக் கரைத்து வைப்போம். 2.7ஐ 20ஆல் பெருக்கு. 54 கிராம் ஆப்ப சோடா. அதை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து, மொத்தம் ஒரு லிட்டர் ஆக்கு. அடுத்த பாட்டிலில் 47 கிராம் கால்சியம் குளோரைடு, அதையும் ஒரு லிட்டர் ஆக்கு. இனி ஒவ்வொன்றிலும் தினமும் 50 மில்லி. அவ்வளவுதான்! இரண்டு பாட்டிலில் இருந்தும் ஒரே அளவு எடுக்கும்படி அமைந்துவிட்டது பார். கடையில் விற்கும் இரட்டைப் பாட்டில்களையும் சம அளவு ஊற்றச் சொல்வது இதனால்தான்.

கரைக்கும் வேலையைப் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ள வேண்டும். கால்சியம் குளோரைடு கரையும்போது பாட்டில் தானாகச் சூடாகும். பயப்படாதே, அது அந்த உப்பின் இயல்பு.

முதலில் கேட்டாயே, ஏன் இரண்டையும் ஒரே பாட்டிலில் கலக்கக் கூடாது என்று? கேட்கவில்லையா? மனசுக்குள் கேட்டிருப்பாய், எனக்குத் தெரியும். கலந்தால் பாட்டிலுக்குள்ளேயே வெள்ளையாகக் கலங்கி, அடியில் மாவு போலக் கல் படிந்துவிடும். பவளத்துக்குப் போக வேண்டியது பாட்டிலோடு போச்சு. தொட்டியிலும் இரண்டையும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் ஊற்றினால் இதேதான் நடக்கும். அதனால்தான் தண்ணீர் வேகமாகச் சுழலும் இடத்தில் ஒன்றை மெதுவாக விட்டு, அது நன்றாகக் கலந்த பிறகு மற்றதை விடுகிறார்கள்.

கடல் தண்ணீரிலேயே கால்சியமும் பைகார்பனேட்டும் அருகருகே இருக்கின்றனவே, அது ஏன் தானாகக் கல்லாகவில்லை என்று நீ கேட்டால், உன்னைக் கட்டிக்கொள்வேன். அங்கேதான் மெக்னீசியம் வருகிறது. கல்லின் சின்னத் துணுக்கு உருவாகத் தொடங்கும்போதே மெக்னீசியம் அதன் மேல் போய் ஒட்டிக்கொண்டு, மேலே வளர விடாமல் தடுக்கும். மெக்னீசியம் ரொம்பக் குறைந்துபோன தொட்டியில் கல் கண்ட இடத்தில் படியும். ஹீட்டரின் மேல் வெள்ளை ஓடு, பம்புக்குள் வெள்ளைப் படிவு. நீ எவ்வளவு சேர்த்தாலும் காரத்தன்மை நிற்காது. நல்ல வேளையாக மெக்னீசியம் மெதுவாகத்தான் செலவாகும். அதைப் பற்றி இன்றைக்கு இவ்வளவு போதும்.

இப்போது தொட்டி 7 டிகிரியில் நிற்கிறது. நமக்கு 8.5 வேண்டும். குறை ஒன்றரை டிகிரி. அப்படியே ஒரே மூச்சில் ஊற்றிவிடலாமா? கூடாது. ஒரு நாளில் ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றக் கூடாது என்பது தொட்டி வைப்பவர்களின் வழக்கம். பவளத்துக்குச் சட்டென்ற மாற்றம் ஆகாது. நுனிகள் வெளுத்து, தோல் உரியத் தொடங்கும். நாம் இன்னும் பொறுமையாகப் போவோம். 50 மில்லி என்பது அரை டிகிரி அல்லவா? அப்படியானால் சோடா பாட்டிலில் இருந்து மூன்று நாள் மட்டும் 100 மில்லி. அதில் 50 அன்றைய செலவுக்கு, 50 பழைய குறைக்கு. நான்காம் நாளில் இருந்து பழையபடி 50.

கால்சியத்தை ஏற்கனவே சோதித்துப் பார்த்து, 420ஐ ஒட்டி இருந்தால் அதில் கூடுதலாக எதுவும் வேண்டாம். மூன்று நாளில் அது லிட்டருக்குப் பதினொரு மில்லிகிராம்தான் குறைந்திருக்கும்.

சோடாவும் கால்சியம் குளோரைடும் வருவதற்கு முன்பே இன்னொரு முறை பிரபலமாக இருந்தது. உனக்குத் தெரிந்த பொருள்தான். சுண்ணாம்புத் தெளிநீர்! பள்ளிக்கூட ஆய்வகத்தில் அதற்குள் குழாய் வைத்து ஊதினால் பால் போல ஆகுமே, அதேதான். பீட்டர் வில்கென்ஸ் என்ற கடல் தொட்டி வல்லுநர் 1970களில் இதைப் பவளத் தொட்டிக்காரர்களிடம் பரப்பினார். தொட்டியில் இருந்து தினமும் தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது. அதனால் குறைந்த அளவுக்கு உப்பில்லாத தண்ணீர் ஊற்ற வேண்டும். அந்தத் தண்ணீருக்குப் பதில் சுண்ணாம்புத் தெளிநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால், கால்சியமும் காரத்தன்மையும் ஒன்றாகச் சரியான விகிதத்தில் ஏறும். நம் 180 லிட்டர் தொட்டிக்கு அரை டிகிரி ஏற்றச் சுமார் 800 மில்லி போதும்.

ஆனால் அது கடுமையான காரம். பிஎச் 12ஐத் தாண்டும். கண்ணில் பட்டால் ஆபத்து. வேகமாக ஊற்றினால் தொட்டியில் உள்ள உயிர்களுக்கும் ஆபத்து. அதைப் பெரியவர்களே கையாளட்டும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் இதற்கு உதவாது, சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும்.

சுண்ணாம்பு முறையில் ஒரு லாபம் உண்டு. நம் இரட்டைப் பாட்டில் முறையில் சோடாவில் இருந்த சோடியமும், மற்றதில் இருந்த குளோரினும் எங்கே போகும்? பவளம் அவற்றைத் தொடுவதில்லை. சோடியமும் குளோரினும் சேர்ந்தால் என்ன? சாப்பாட்டு உப்பு! 100 கிராம் கல் வளர்ந்தால் 117 கிராம் உப்பு தண்ணீரில் மிஞ்சும். நம் தொட்டியில் ஒரு வருடத்துக்கு 1.6 பெருக்கல் 365, அதாவது 584 கிராம் கல் வளரும். அரைக் கிலோவுக்கு மேல்! உப்பு சுமார் 680 கிராம் சேரும். 180 லிட்டரில் அது லிட்டருக்கு நான்கு கிராமை நெருங்கும். கடல் தண்ணீரில் கிலோவுக்கு 35 கிராம் உப்பு. அது இப்படி ஏறிக்கொண்டே போவது தொட்டிப் பவளத்துக்கு நல்லதல்ல. அதனால்தான் அடிக்கடி கொஞ்சம் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுக் கடல் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு, கடற்கரைக்குப் போய்ப் பவளம் எடுத்து வரலாம் என்று மட்டும் நினைக்காதே, செல்லமே. நம் நாட்டில் எல்லாப் பாறைப் பவளங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குக் கொடுக்கும் அதே பாதுகாப்பு. கடலில் இருந்து எடுப்பதும் விற்பதும் குற்றம். இந்தப் பாதுகாப்பு ஏன் தேவை என்று பார். மன்னார் வளைகுடாவில் ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை வெட்டி எடுத்தார்கள். அங்கே இருந்த விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன. 1986இல் அந்தப் பகுதி கடல் தேசியப் பூங்கா ஆனது. ஒரு நாளில் ஒரு தொட்டிக்குள் 1.6 கிராம் வளர்வதற்கு எவ்வளவு பாடு என்று நீ இப்போது கணக்குப் போட்டிருக்கிறாய். வெட்டி எடுத்த பாறை திரும்ப வளர எத்தனை காலம் ஆகும் என்று உனக்கு நான் சொல்லவே வேண்டாம்.

சரி, கடைசியாக உனக்கு ஒரு கணக்கு. பெரியவர்களிடம் கேட்காமல் போட்டுப் பார்.

சில மாதம் ஆகிவிட்டது. நம் தொட்டிப் பவளம் பெரிதாகி இருக்கிறது. நீ தினமும் தவறாமல் 50 மில்லி விடுகிறாய். ஆனாலும் ஐந்து நாளில் 8.5 டிகிரி 8 டிகிரியாகக் குறைந்துவிட்டது. இனி தினமும் எத்தனை மில்லி விட வேண்டும்?

யோசித்தாயா? ஐந்து நாளில் அரை டிகிரி குறைந்தால், ஒரு நாளைக்கு 0.1 டிகிரி. நீ தினமும் கொடுக்கும் அரை டிகிரியையும் தின்றுவிட்டு, மேலே இந்த 0.1 டிகிரியையும் தின்றிருக்கிறது. மொத்தம் 0.6. அரை டிகிரிக்கு 50 மில்லி என்றால், 0.6 டிகிரிக்கு 60 மில்லி. இரண்டு பாட்டிலிலும்தான்.